துரையிடம் கேட்ட நியாயம் நமக்குள் உண்டா?

ஒரு தோட்டத்து ஆலயம் இரண்டாகப் பிளவுபடப் பெரிய கொள்கை வேறுபாடு எதுவும் தேவையில்லை. திருவிழாக் கணக்கைப் படிக்க மூன்று மாதம் தாமதமானால் போதும். யாரோ ஒருவர் கேள்வி கேட்பார். கேட்டவரைப் பார்த்து, “நீ வரி கட்டினாயா?” என்று இன்னொருவர் திருப்பிக் கேட்பார். அடுத்த ஆண்டு அவர் வீட்டுக்கு வரி வாங்க ஆள் வராது. இரதம் அவர் வாசலில் நிற்காது. அதற்கடுத்த ஆண்டு அவருடைய உறவினர்கள் ஒன்றுகூடித் தனியாக ஒரு செயலவை அமைப்பார்கள். பிறகு போலீஸ் புகார், சங்கங்களின் பதிவிலாகாவுக்குக் கடிதம், நாளிதழில் மறுப்பு அறிக்கை என்று வரிசையாக நடந்தேறும்.

கோல சிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை, அப்பால் பத்தாங் காலி, ராசா, கெர்லிங் என எந்தப் பக்கம் போனாலும் இப்படியொரு கதையைச் சொல்ல ஒருவர் இருப்பார். ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறும். பெற்றோர் ஆசிரியர் சங்கம், மரண சகாய நிதி, இளைஞர் மன்றம் எதுவும் இதற்கு விலக்கல்ல.

“நம்மவர்களுக்கு ஒற்றுமை இல்லை” என்று ஒரே வாக்கியத்தில் இதை முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மேடையில் பேசுவோரும் அதையே சொல்கிறார்கள். தேநீர்க் கடையில் அமர்ந்திருப்போரும் அதையே சொல்கிறார்கள். இந்த விளக்கம் சோம்பேறித்தனமானது. மனிதர்கள் கூடும் இடத்தில் சண்டை வரத்தான் செய்யும். எந்த இனமும் இதற்கு விதிவிலக்கில்லை. சண்டை வந்தபின் அதை எங்கே கொண்டுபோவது, யார் கேட்பது, எப்படித் தீர்ப்பது என்ற வழி நம் அமைப்புகளில் இருக்கிறதா என்பதே கேள்வி. அந்த வழி ஏட்டில் இருக்கிறது. நடைமுறையில் இல்லை என்பதே என் கருத்து. தோட்டத் துரையிடம் போராடிப் பெற்ற நியாயத்தை நாம் நமக்குள் ஒருவருக்கொருவர் வழங்கத் தவறிவிட்டோம்.

துரையின் சொல்லும் பஞ்சாயத்தும்

வட சிலாங்கூரின் தோட்ட வரலாறு நூறாண்டைத் தாண்டியது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் கோல சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில்தான் உருவானது. அதற்கு முன்பே ரப்பர் வந்துவிட்டது. ரப்பரோடு நம் முன்னோரும் வந்துவிட்டனர்.

அக்காலத் தோட்டத்தில் துரையின் சொல்லே சட்டம். வேலையும் அவர் கொடுத்தது, குடியிருக்கும் லயமும் அவர் கொடுத்தது. அவருக்குப் பிடிக்காதவன் ஒரே நாளில் இரண்டையும் இழப்பான். என்ன குற்றம் என்று சொல்ல வேண்டிய கடமை துரைக்கு இல்லை. பதில் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு இல்லை.

துரை தலையிடாத குடும்பச் சண்டை, கடன் தகராறு, அடிதடி போன்றவற்றைக் கங்காணியும் ஊர்ப் பெரியவர்களும் பஞ்சாயத்தில் வைத்துப் பேசினார்கள். தண்டம் விதிப்பார்கள், அது கோயிலுக்குப் போகும். பஞ்சாயத்தை இன்று எளிதாகக் குறை சொல்லலாம். ஆனால் அதன் சிறப்பையும் சொல்லியாக வேண்டும். காசு செலவில்லை. பேசுவது நம் மொழி. வழக்கு அன்றிரவே முடியும். காலையில் பிரட்டுக்குப் போகும்போது இருவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால் சமாதானம் என்பது வெறும் பேச்சாக இல்லாமல் அன்றாடத் தேவையாக இருந்தது.

குறைகளும் அதே அளவுக்கு இருந்தன. எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. ஆகவே ஒரே தவற்றுக்கு ஒருவருக்கு ஒரு தண்டம், மற்றொருவருக்கு வேறு தண்டம். கங்காணிக்கு வேண்டியவன் தப்பிப்பான். சாதி உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பெண்கள் பஞ்சாயத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள், பஞ்சாயத்தில் அமர்த்தப்படவில்லை. கணவனிடம் அடிபட்டவளுக்குப் பெரும்பாலும் கிடைத்தது, “அனுசரித்துப் போ” என்ற அறிவுரைதான்.

1941 கேட்டது என்ன?

நம் பக்கத்து மாவட்டமான கிள்ளானில் 1941ஆம் ஆண்டில் நடந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நாம் சம்பளப் போராட்டமாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான ஊதியம் என்ற கோரிக்கை அதில் இருந்தது உண்மைதான். ஆனால் மற்றக் கோரிக்கைகளையும் வாசித்துப் பாருங்கள். துரையோ அலுவலரோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். பெண்களிடம் தவறாக நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். உறவினர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. கூடிப் பேசவும் சங்கம் அமைக்கவும் உரிமை வேண்டும். குறைகளை எடுத்துச் சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது.

இவற்றில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை அல்ல, நடத்தையைப் பற்றியவை. மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், கேள்வி கேட்டவனுக்கு என்ன பாதுகாப்பு என்பதைப் பற்றியவை. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை வழிநடத்திய, தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அந்த ஆண்டு மே மாதம் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, படை வந்து, தொழிலாளர்கள் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சைக்கிளில் அமர்ந்தபடி செல்லும் உரிமையும், “ஏன்?” என்று கேட்கும் உரிமையும் இரத்தம் சிந்திக் கேட்கப்பட்டவை.

போருக்குப் பின் நிலைமை மெல்ல மாறியது. 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒழுங்கீனத்துக்காகத் தொழிலாளியை வேலைநீக்கம் செய்வதாயினும் வேறு தண்டனை கொடுப்பதாயினும் முறையான விசாரணைக்குப் பின்னரே செய்ய வேண்டும் என்று கூறுகிறது. விசாரணைக்காக அவரை இடைநீக்கம் செய்தால் அது இரண்டு வாரத்தைத் தாண்டக் கூடாது. அக்காலத்தில் குறைந்தது பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும். குற்றமில்லை என்று தெரிந்தால் பிடித்து வைத்த மீதியையும் கொடுத்துவிட வேண்டும். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாள்களுக்குள் முறையிடலாம்.

இந்தச் சட்டங்களின் சாரம் மூன்றே வரிகளில் அடங்கும். என்ன குற்றம் என்று சொல். அவன் பதிலைக் கேள். அவனுக்கு மேல்முறையீட்டுக்கு ஓர் இடம் கொடு. பால் வெட்டிய நம் பாட்டனுக்கும் பாட்டிக்கும் இது புரிந்திருந்தது. விசாரணை இல்லாமல் ஒருவரைத் தோட்டத்தைவிட்டு விரட்டினால் ஒட்டுமொத்தமாக வேலைக்குப் போகாமல் நின்ற தோட்டங்கள் உண்டு.

ஆலய வாசலில்

இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மனிதரிடம் திரும்புவோம். கணக்குக் கேட்டவரிடம் அடுத்த ஆண்டு வரி வாங்கவில்லை. அவர்மீது என்ன குற்றம்? யாரும் எழுத்தில் சொல்லவில்லை. அவர் பதிலை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. அவர் யாரிடம் முறையிடுவது? முடிவெடுத்தவர்களிடமே முறையிட வேண்டும். துரை செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? துரை ஒருவனை விலக்கினால் அவன் வேறு தோட்டம் தேடிப் போனான். கோயில் விலக்கினால் ஒரு குடும்பம் எங்கே போகும்? பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைப்பதும், காது குத்துவதும், இறந்தவருக்குத் தோள் கொடுப்பதும் அந்தக் கூட்டத்துக்குள்தானே?

இதில் வேதனையான உண்மை ஒன்றுண்டு. பதிவு பெற்ற பெரும்பாலான ஆலயங்களின், சங்கங்களின் சட்டவிதிகளில் இதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறும் அமைப்புகளுக்குப் பதிவிலாகா ஒரு மாதிரிச் சட்டவிதியைத் தருகிறது. அதில் உறுப்பினரை நீக்குவது குறித்து ஒரு பகுதி உண்டு. விதிகளை மீறிய அல்லது அமைப்புக்கு அவப்பெயர் ஏற்படுத்திய உறுப்பினரைச் செயலவை இடைநீக்கம் செய்யலாம் அல்லது நீக்கலாம். ஆனால் அதற்கு முன் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் நேரில் வந்து தம் பக்கத்தை விளக்க வாய்ப்பளிக்க வேண்டும். அவர் மேல்முறையீடு செய்தால் பொதுக்கூட்டம் அம்முடிவை மாற்றலாம். குற்றச்சாட்டு, விளக்கம், மேல்முறையீடு என்ற அதே மூன்று படிகள்!

இந்தப் பகுதியை வாசித்திருக்கும் செயலவையினர் எத்தனை பேர்? பதிவின்போது யாரோ ஒருவர் மலாயில் எழுதிக் கொடுத்தார். தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டார்கள். அதன்பின் அது செயலாளர் வீட்டு அலமாரியில் கோப்புக்குள் இருக்கிறது. செயலாளர் மாறினால் கோப்பும் கூடவே மாறுவதில்லை. விதி இருப்பதே தெரியாத இடத்தில் அதைக் கடைப்பிடிப்பது எப்படி?

பிளவின் விலை

இதெல்லாம் உள்ளூர்ச் சச்சரவு, காலப்போக்கில் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணலாம். ரப்பர் மரம் நின்ற காலத்தில் அப்படி எண்ண இடமிருந்தது. இன்று இல்லை. வட சிலாங்கூரின் நிலம் மதிப்பேறிக்கொண்டிருக்கிறது. கோலாலம்பூர் – கோல சிலாங்கூர் விரைவுச்சாலை 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபின் ஈஜோக் வட்டாரம் தலைநகருக்கு அண்டைவீடாகிவிட்டது. தோட்ட நிலம் வீடமைப்பு நிலமாகும்போது ஆலயம் எங்கே போவது, பள்ளிக்கு எவ்வளவு நிலம், லயத்துக் குடும்பங்களுக்கு என்ன வீடு என்ற பேச்சுவார்த்தை தொடங்கும். அப்போது எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி, “உங்கள் சார்பில் கையெழுத்திட உரிமையுள்ளவர் யார்?” என்பதே. இரண்டு செயலவைகள் இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. பதில் இல்லாத தரப்பு பேரத்தில் தோற்கும்.

சட்டமும் இங்கே நமக்காகக் காத்திருக்காது. ஒரு சங்கத்தின் உண்மையான பொறுப்பாளர்கள் யார் என்பதில் தகராறு இருப்பதாகப் பதிவதிகாரி கருதினால், சங்கங்கள் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி அறிவிப்பு அனுப்பலாம். தகராறு தீர்ந்தது என்பதற்கோ, தீர்ப்பதற்கு நடவடிக்கை தொடங்கப்பட்டது என்பதற்கோ ஒரு மாதத்துக்குள் சான்று காட்ட வேண்டும். காட்டத் தவறினால் பதிவே ரத்தாகும் நிலை வரலாம். பத்தாண்டாகப் பேசாமல் இருக்கும் இரு தரப்பினர் ஒரு மாதத்தில் சமாதானம் ஆவார்களா?

இதே சிலாங்கூரில், சுபாங் ஜெயாவின் முன்னாள் சீபீல்டு தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தில் நடந்ததை நாடே அறியும். ஆலயத்தை நிர்வகிக்கும் உரிமை யாருக்கு என்ற தகராறு நீதிமன்றம் வரை போனது. நிலத்தை மேம்பாட்டு நிறுவனம் ஒன்று வாங்கியிருந்தது. ஆலயத்தை வேறு இடத்துக்கு மாற்ற 2014ஆம் ஆண்டில் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் இணக்கத் தீர்ப்பு பதிவானது. வழிபட்டு வந்த பக்தர்களில் பலர் அதை ஏற்கவில்லை. 2018 நவம்பர் 26ஆம் நாள் விடியுமுன் ஒரு கும்பல் ஆலயத்துக்குள் நுழைந்தது, கலவரம் மூண்டது. அங்கு பணிக்கு வந்து படுகாயமடைந்த தீயணைப்பு வீரர் முகமது அடிப் அடுத்த மாதம் உயிரிழந்தார்.

அந்தத் துயரத்துக்கு ஆலய நிர்வாகத் தகராறு மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. நிலவுரிமை, பணபலம், வன்முறை எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஆலயத்துக்குப் பேச ஒரே குரல் இருந்திருந்தால், அந்தக் குரலைப் பொதுக்கூட்டம் தேர்ந்தெடுத்திருந்தால், அந்த இணக்கம் பக்தர்களின் இணக்கமாகவும் இருந்திருக்கும் அல்லவா?

“விதி பேசினால் உறவு கெடும்”

இப்படியெல்லாம் எழுதினால் பெரியவர்கள் ஒரு மறுப்பு சொல்வார்கள். “நாம் எல்லாரும் மாமன் மச்சான். கடிதம், குற்றச்சாட்டு, விசாரணை என்று இறங்கினால் உறவு முறியும். வாயால் பேசித் தீர்ப்பதுதான் நம் பண்பாடு.” இந்த மறுப்பில் அன்பு இருக்கிறது, ஆகவே இதை அலட்சியப்படுத்தக் கூடாது. பேசித் தீர்ப்பதே முதல் வழியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் பேச்சு முறிந்தபின் உறவைக் காப்பாற்றுவது எது? விதி இல்லாத இடத்தில் தோற்றவர், “என்னைக் கவிழ்த்துவிட்டார்கள்” என்பார். விதிப்படி கேட்கப்பட்டுத் தோற்றவர், “என் பேச்சைக் கேட்டார்கள், ஏற்கவில்லை” என்பார். முன்னவர் தனிச் செயலவை தொடங்குவார். பின்னவர் அடுத்த ஆண்டுத் தேர்தலுக்குக் காத்திருப்பார்.

எழுத்து விதி நம் பண்பாட்டுக்கு அந்நியமானதும் அன்று. தமிழ் விழாக்களில் நாம் பெருமையோடு குறிப்பிடும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை; கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையை மட்டும் சொல்லிவிட்டு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அதில் தகுதியின்மைப் பட்டியல் ஒன்றும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்கு நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. அந்தச் சபை பிராமணர்களுக்கு உரியது. நிலமும் சொந்த வீடும் உள்ள ஆண்களுக்கே அதில் இடம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த வேலியை விட்டுவிடுவோம். பொறுப்பில் இருந்தவர் கணக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று கல்லில் வெட்டிய துணிவை எடுத்துக்கொள்வோம்.

உலக அனுபவமும் இதற்குத் துணை நிற்கிறது. பாசன நீரையும் காட்டையும் மீன்வளத்தையும் மக்கள் தாமே நிர்வகிக்கும் பல நாட்டுக் கிராமங்களை ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரோம். 2009ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். நீண்ட காலம் நிலைத்த அமைப்புகளில் சில பொதுத்தன்மைகளை அவர் கண்டார். விதியை வகுப்பதில் அதற்குக் கட்டுப்படுவோருக்கும் பங்குண்டு. மீறினால் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடுகிறது. சச்சரவைத் தீர்க்கச் செலவு குறைந்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் பழைய பஞ்சாயத்தில் கடைசித் தன்மை இருந்தது. முதல் இரண்டும் இல்லை. இன்றைய நம் ஆலயங்களில் மூன்றுமே அரிது. எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கி வைப்பதுதான் நாம் அறிந்த ஒரே தண்டனையாக இருக்கிறது.

செய்யக் கூடியவை

முதலாவதாக, நடத்தை விதி ஒரே பக்கத்தில், எளிய தமிழில் இருக்கட்டும். கூட்டத்தில் எப்படிப் பேசுவது, அமைப்பின் பணத்தையும் பொருளையும் யார் எப்படிக் கையாள்வது, செயலவையினரின் உறவினருக்குக் கட்டட வேலையோ பந்தல் வேலையோ கொடுப்பதாயின் அதை முன்கூட்டியே அறிவிப்பது போன்ற சில விதிகள் போதும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அதை உரக்க வாசித்து ஒப்புதல் பெற வேண்டும். மக்கள் ஏற்றுக்கொண்ட விதிக்கே மக்களிடம் மரியாதை இருக்கும்.

இரண்டாவதாக, சம்பந்தப்பட்டவர் நீதிபதியாக அமரக் கூடாது. தோட்டத்தில் எல்லாரும் எல்லாருக்கும் உறவு என்பதால் இது கடினம்தான். அதற்கு வழி, மூன்று நடுவர்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே, சண்டை எதுவும் இல்லாத நேரத்தில், பொதுக்கூட்டம் தேர்ந்தெடுத்து வைப்பது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பக்கத்துத் தோட்டத்து ஆலயப் பொறுப்பாளர், குறைந்தது ஒரு பெண் என்று அமைந்தால் நல்லது. அவர்கள் செயலவையில் இருக்கக் கூடாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லும் புகாரை அவர்களில் ஒருவர் எழுதிக்கொண்டு, திரும்ப வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெறலாம்.

மூன்றாவதாக, தண்டனைக்குப் படிகள் வேண்டும். முதலில் தனியே அழைத்துப் பேசுவது, பிறகு எழுத்து எச்சரிக்கை, பிறகு முடிவு நாள் குறித்த இடைநீக்கம், கடைசியில் மட்டுமே நீக்கம். தண்டனை தவறு செய்தவருக்கு மட்டும். அவர் குடும்பத்துக்கு அன்று. பதவியைப் பறிக்கலாம், ஓட்டுரிமையை நிறுத்தி வைக்கலாம். ஆனால் சாமி கும்பிடும் உரிமையிலும், சாவு வீட்டுக்குச் செய்யும் உதவியிலும் யாரும் கை வைக்கக் கூடாது. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். ஓர் அமைப்பு தன் உறுப்பினரைக் கண்டிக்கலாம்; அவரை அநாதையாக்கும் உரிமை அதற்கில்லை.

நான்காவதாக, கணக்கு. பெரும்பாலான சண்டைகளின் வேர் அதுவே. திருவிழா முடிந்த ஒரு மாதத்துக்குள் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை பிறக்கவே பிறக்காது. மாதிரிச் சட்டவிதி கூறும் இரு கணக்காய்வாளர்களும் பொருளாளரின் நண்பர்களாக இல்லாமல் கணக்குத் தெரிந்தவர்களாக இருக்கட்டும். கேள்வி கேட்பவரைப் பகைவராகப் பார்க்காமல், சம்பளமில்லாமல் உழைக்கும் மூன்றாவது கணக்காய்வாளராகப் பார்க்கப் பழக வேண்டும்.

இவ்வளவும் சொல்லும்போது ஓர் எல்லைக்கோட்டையும் வரைய வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் நமக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள முடியாது, தீர்க்கவும் கூடாது. மனைவியை அடிப்பது குடும்பச் சண்டையன்று. 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. பிள்ளைகளிடம் தவறாக நடப்பதை, “ஊர்ப் பெயர் கெட்டுவிடும்” என்று மூடி மறைக்கும் செயலவை குற்றத்துக்கு உடந்தையாகிறது. அதற்கு 2017ஆம் ஆண்டின் சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் உண்டு. இவை நேராகக் காவல் துறைக்குப் போக வேண்டியவை. எதை உள்ளே பேசுவது, எதை வெளியே கொண்டுபோவது என்ற தெளிவு நம்மிடம் தலைகீழாக இருக்கிறது. நாற்காலிச் சண்டைக்குப் போலீஸ் நிலையம் போகிறோம். போலீஸ் நிலையம் போக வேண்டியதைக் கோயில் மண்டபத்தில் பேசி முடிக்கிறோம்.

நம் பங்கு

இதைப் பல்கலைக்கழக மாணவர்கள் வாசிக்கும் மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் இந்தத் தோட்டங்களிலிருந்தும், தோட்டம் அழிந்து எழுந்த தாமான்களிலிருந்தும் வந்தவர்கள். விடுமுறையில் ஊருக்குப் போனால் திருவிழாவில் அன்னதானம் பரிமாறுகிறோம், காவடி தூக்குகிறோம். செயலவைக் கூட்டம் என்றால் மட்டும் ஒதுங்கிப் போகிறோம். “அது பெரிசுகள் சண்டை” என்று சிரித்துவிட்டு நகர்கிறோம்.

அந்தப் பெரியவர்களுக்கு மலாயில் உள்ள சட்டவிதியை வாசிப்பது சிரமம். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கையை இப்போது இணையம் வழி அனுப்ப வேண்டியிருக்கிறது. அது அவர்களுக்கு இன்னும் சிரமம். நமக்கு அது ஒரு மாலை நேர வேலை. சட்டவிதியைத் தமிழில் எழுதிக் கொடுப்பது, கூட்டக் குறிப்பை ஒழுங்காக எழுதுவது, வரவு செலவைக் கணினியில் பதிந்து அச்சிட்டு ஒட்டுவது என்று மூன்றை மட்டும் செய்தால்கூட ஓர் ஆலயம் பிளவுபடாமல் தப்பலாம்.

ஊருக்கு உபதேசம் செய்யுமுன் நம் முற்றத்தையும் பார்த்துக்கொள்வோம். மாணவர் சங்கங்களில் பிளவு இல்லையா? மூத்தோர் சொன்னார் என்பதற்காக ஒருவரைக் குழுவிலிருந்து ஒதுக்குவது நடப்பதில்லையா? நிகழ்ச்சிக் கணக்கு அடுத்த தவணைக்குத் தள்ளிப்போவதில்லையா? இங்கே ஓராண்டு பொறுப்பில் இருக்கும்போது பழகும் பழக்கத்தைத்தான் நாளை நாம் வெளியமைப்புகளுக்குக் கொண்டுபோவோம். காரணம் சொல்லாமல் ஒருவரை நீக்கக் கற்றவன், பட்டத்தோடு அதையும் சுமந்துகொண்டு ஊர் திரும்புவான்.

நம் முன்னோர் சைக்கிளைவிட்டு இறங்க மறுத்தது, மனிதனுக்கு மனிதன் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற நம்பிக்கையால்தான். துரைகள் போய்விட்டார்கள். இன்று அந்தக் கடமை, தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற பெயர்களில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம்முடையது. வரும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஆலயச் செயலாளரிடம் ஒன்றை மட்டும் பணிவோடு கேட்போம்: “ஐயா, நம் சட்டவிதிப் புத்தகம் எங்கே இருக்கிறது?” தேடி எடுக்கப்படும் அந்தப் புத்தகத்தை அவரோடு சேர்ந்து அமர்ந்து வாசிப்போம்.